பனிமயத்தின் கை

புன்னைத்துறை மீன்காரிகள் ஐஸ் கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், சலேத்மேரியை டைரக்டர் ஆக்கவேண்டும் என்று நாங்கள் தூக்கிய கைகள் அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் எங்கள் ஊர்க் கரையில் வந்து நின்றுகொண்டு நம்பவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், மீன் கழுவின தண்ணீரைத் தலையில் ஊற்றி அனுப்பிவைப்போம். என் பேர் செலஸ்தீனா. அந்தக் கைகளில் ஒன்று என்னுடையது, நான் சொல்வதில் பொய் இருந்தால் அந்தக் கையே என் வாயில் போடட்டும்.

முதலில் கம்பெனியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விடியும்போது கரையில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி, தேரிக்காட்டு ஊர்களுக்கும் வாழைத்தோட்டத்து ஊர்களுக்கும் நடந்தும் பஸ்ஸிலும் போய் விற்கிறவர்கள் நாங்கள். ஐஸ் போடாத கூடை பத்து மணி வெயிலுக்கே சோர்ந்துவிடும், மத்தியானத்துக்கு மேல் அதைக் கொண்டுபோனால் வாசலில் நிற்கும்போதே முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் விசைப்படகு வைத்திருக்கிற பெரிய போட்டுக்காரர்களின் ஐஸ் பிளாண்டில் எங்களுக்கு உடைசல்தான் கிடைக்கும், அதுவும் கெஞ்சினால்தான் கிடைக்கும். அந்தக் கெஞ்சலுக்கு ஒரு முடிவு கட்டத்தான் ஆளுக்கொரு பங்கு போட்டுச் சொந்தமாக ஐஸ் கம்பெனி தொடங்கினோம், லிமிடெட் என்று போர்டு வைத்தோம், பங்குக்காரிக்கு ஒரு ஓட்டு என்று விதி எழுதினோம், கூடையும் தலையுமாக வரிசையில் நின்று போட்டோ பிடித்துக்கொண்டோம். அந்தப் போட்டோவில் எங்களைப் பார்த்தால் நாலு கப்பல் வாங்கினவர்கள் என்று நினைப்பீர்கள்.

கஸ்பார் மச்சாதுவைச் சேர்மன் நாற்காலியில் உட்காரவைத்ததும் நாங்கள்தான், பழியை வேறு யார் தலையிலும் கட்டமுடியாது. அவருடைய அம்மாவும் கூடை சுமந்தவள், அவள் பங்கு அவருக்கு வந்தது, இங்கிலீஷ் தெரியும், ஆபீசர்களிடம் தைரியமாகப் பேசுவார், நமக்கும் ஒரு ஆள் வேண்டுமே என்று உட்காரவைத்தோம், உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வருஷம் போகப் போகப் போட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகப் பங்கு வாங்கி உள்ளே வந்தார்கள், ஆளோடு ஆள் சேர்ந்து கூட்டத்தில் பாதி நாற்காலி அவர்களுடையதாயிற்று. இந்த முறை மச்சாதுவின் மச்சினன் டைரக்டராக வந்துவிட்டால், பிளாண்டில் உறைகிற ஐஸ் அத்தனையும் ஏற்றுமதிக்காரர்களின் லாரிக்குத்தான் என்று பேச்சு முடிந்திருந்தது. அதைத் தடுக்கத்தான் சலேத்மேரி நின்றாள்.

சலேத்மேரி அதிகம் பேசமாட்டாள். பேசினால் ஐஸ் உடைக்கிற உளி மாதிரி ஒரே இடத்தில் போய் விழும். வீடு வீடாகப் போனாள், தண்ணீர்கூடக் கேட்கவில்லை, "நான் வந்தா மொதல்ல கூடைக்கு, அப்புறந்தான் லாரிக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் செய்த பிரசாரம் மொத்தமே அவ்வளவுதான். ஒரு வீட்டுக்கு மட்டும் போகவில்லை, அது அவள் வீட்டுக்கு அடுத்த வீடு, பனிமயத்தின் வீடு.

அந்தக் காரணத்தைச் சொல்வதற்கு எங்கள் ஏலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும், அது தெரியாவிட்டால் கதையும் விளங்காது. ஏலக்காரர் தொம்மை மீனைக் கும்பல் கும்பலாகக் கொட்டி விலையை ஏற்றிக்கொண்டே போவார், வேண்டுமென்கிறவள் கையைத் தூக்குவாள், கட்டாதவள் இறக்கிக்கொள்வாள். கடைசியில் நிற்கிற கையை அவர் பார்த்து, முகத்தையும் பார்த்து, பேரைச் சொல்லி, "கை வாங்கு" என்பார். அதுவரை கை மேலேதான் இருக்கவேண்டும். கொசு கடித்தாலும் சரி, சேலை நழுவினாலும் சரி, இடுப்பில் இருக்கிற பிள்ளை ஈரம் பண்ணினாலும் சரி, கையை இறக்கினால் வேண்டாம் என்று அர்த்தம், மீன் அடுத்தவளுக்குப் போய்விடும். பேர் சொல்லாமல் கையை இறக்குகிற வழக்கம் எங்கள் உடம்பிலேயே கிடையாது.

பனிமயம் சலேத்மேரியின் புருஷனுக்குத் தங்கச்சி. ஒருநாள் ஒரு சீலா மீன் கும்பலுக்கு நாத்தனாரும் மைனியும் கை தூக்கி நின்றார்கள், தொம்மை பனிமயம் பேரைச் சொன்னார், அவளும் கையை இறக்கிக் கூடையை எடுக்கக் குனிந்தாள். அவள் நிமிர்வதற்குள் சலேத்மேரி மேல்விலை சொல்லிக் கும்பலை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு அற்றுப்போயிற்று. கோயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ஜெபத்தைச் சொல்வார்கள், முகத்தைப் பார்க்கமாட்டார்கள். அதற்குப் பிறகு பனிமயம் பேர் சொன்னாலும் கையை இறக்குவதில்லை, மீன் தன் கூடைக்குள் விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் இறக்குவாள். பேர்தான் வந்தாச்சே என்று நாங்கள் கேலி பண்ணினால், "பேரை வச்சா குழம்பு வைப்பே?" என்று எங்கள் வாயை அடைத்துவிடுவாள்.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். பிளாண்ட் முற்றத்தில் பந்தல் போட்டு, ஒரு பக்கம் போட்டுக்காரர்களும் மறுபக்கம் நாங்களும் உட்கார்ந்திருந்தோம். மச்சாது முதலில் தன் மச்சினனுக்குக் கை தூக்கச் சொன்னார். தூக்கியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, சிரித்து, பேர் சொல்லிக் குறித்துக்கொண்டார், பேர் சொல்லச் சொல்ல அவர்கள் கைகள் இறங்கின. பிறகு சலேத்மேரிக்கு என்றார். நாங்கள் தூக்கினோம், வளையல் சத்தம் பந்தலுக்கு மேலே கேட்டது, நான் திரும்பிப் பார்த்தபோது கடைசி வரிசையில் பனிமயத்தின் கையும் மேலே இருந்தது. சலேத்மேரியும் அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு உடனே தரையைப் பார்த்தாள். மச்சாதுவோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, ஒரு கையைக்கூடப் பார்க்காமல், ஒரு பேரைக்கூடச் சொல்லாமல், "கம்மியாத்தான் இருக்கு, மச்சினன் ஜெயிச்சாச்சு, கூட்டம் முடிஞ்சது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

நாங்கள் நின்றோம். பேர் வரவில்லையே, எப்படிக் கையை இறக்குவது? பந்தல்காரன் பந்தலைப் பிரித்தான், நாற்காலிகளை அடுக்கினான், எங்களைச் சுற்றிப் பெருக்கினான். கடைசியில் தொம்மை வந்து, பிள்ளைகள் பசியோடு இருக்கும், வீட்டுக்குப் போங்கள் என்றார். போகத்தான் நினைத்தோம், கால் வந்தது, கை வரவில்லை. அழுத்திப் பார்த்தோம், ஒருத்தி கையை இன்னொருத்தி பிடித்து இழுத்துப் பார்த்தோம், வலி ஒன்றும் இல்லை, அது பாட்டுக்கு மேலே இருந்தது. சரி, பேர் சொல்லும்போது இறங்கட்டும் என்று வீட்டுக்குப் போய் உலையை வைத்தோம்.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள அதிக நாள் எடுக்கவில்லை. தலையில் கூடை இருந்தால் எங்களுக்கு ஒரு கை எப்போதும் மேலேதான், ஆகவே விற்கப் போன ஊர்களில் கூடையை இறக்கிவைக்கிறவரை யாரும் எதையும் கவனிக்கவில்லை. தையல்கார பாக்கியம் ஜாக்கெட்டுகளுக்குப் பக்கவாட்டில் ஊக்கு வைத்துத் தைத்துக் கொடுத்தாள், அது வசதியாக இருக்கிறது என்று கை இறங்கியிருந்தவர்களும் அப்படியே தைத்துக்கொண்டார்கள். மீன் கூடையைப் பார்த்தாலே நிற்காமல் பறக்கிற பஸ்ஸெல்லாம், கை காட்டி நிற்கிற பொம்பளையைப் பார்த்துவிட்டு நிற்காமல் போகமுடியாமல் நின்றன. டிரைவர்கள் ஒரு வாரம் திட்டினார்கள், பிறகு அதுவே எங்கள் ஸ்டாப் ஆகிவிட்டது. கோயிலுக்கு வந்த பிஷப் மேற்றிராணியார் பூசை நடுவில் பெண்கள் பக்கம் முழுக்கக் கை உயர்ந்திருப்பதைப் பார்த்து, இப்படி ஒரு பக்தியை எந்தப் பங்குக் கோயிலிலும் கண்டதில்லை என்று கண் கலங்கினார். இது ஐஸ் கம்பெனி விவகாரம் என்று சொல்ல எங்கள் சாமியாருக்கு மனசு வரவில்லை.

எங்கள் வீட்டு ஆண்களைத்தான் நீங்கள் பார்த்திருக்கவேண்டும். வலை முடிகிற விரல்கள் சடை பின்னக் கற்றுக்கொண்டன, வெங்காயம் உரித்தன, இறாலுக்குத் தோல் எடுத்தன. என் வீட்டுக்காரர் அந்தோணி முதல் தடவை எனக்குச் சடை பின்னியபோது நங்கூரக் கயிற்றுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டுவிட்டார், அதை அவிழ்க்க அவருடைய தம்பியைக் கூப்பிடவேண்டியதாயிற்று. எங்களுக்கு வெட்கம் எல்லாம் முதல் இரண்டு நாள்தான். பிறகு தெருவில் நடக்கும்போது கழுத்து தானாக நிமிர்ந்தது, மச்சாதுவின் ஆட்கள் எதிரே வந்தால் அவர்கள்தான் ஒதுங்கினார்கள். போட்டுக்காரர் வீட்டுப் பெண்கள் சிலர் கதவைச் சாத்திக்கொண்டு தாங்களும் கையைத் தூக்கிப் பார்த்தார்கள் என்றும், கொஞ்ச நேரத்தில் அது கடுத்துக் கீழே விழுந்துவிட்டது என்றும் கேள்விப்பட்டோம். பாவம், அவர்கள் வீட்டுப் பேரைத்தான் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதே.

கேஸ் போட எங்களுக்குக் கிடைத்தவர் திருநெல்வேலி வக்கீல் உமையொருபாகம். முழுப்பேரையும் சொன்னால் எங்களுக்கு மூச்சு வாங்கும் என்பதால் பாகம் சார் என்று கூப்பிட்டோம். கையெண்ணி ஓட்டெடுக்கிற கூட்டத்தில் சேர்மன் சொன்னதே முடிவு, ஒத்துக்கொள்ளாதவர்கள் அப்போதே எழுந்து சீட்டு ஓட்டு வேண்டும் என்று கேட்டிருக்கவேண்டும், நீங்கள் கேட்கவில்லையே, சட்டம் உங்கள் பக்கம் இல்லை என்று முதலில் உதட்டைப் பிதுக்கினார். அப்புறம்தான் ஆபீஸ் வாசல்வரை நிற்கிற கைகளை நிமிர்ந்து பார்த்து, ஏன் இன்னும் இறக்காமல் இருக்கிறீர்கள் என்று கேட்டார். பேர் சொல்லவில்லையே என்றோம். மனுஷன் காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டார். கை மேலே இருக்கிறவரை ஓட்டெடுப்பு முடியவில்லை, ஓட்டெடுப்பு முடியாதவரை கூட்டமும் முடியவில்லை, முடியாத கூட்டத்தில் முடிவு சொல்ல மச்சாதுவுக்கு என்ன அதிகாரம் என்று அவரே எங்களிடம் கேட்டார், நாங்களும் அதைத்தானே ஆரம்பத்திலிருந்து சொல்கிறோம் என்றோம்.

சென்னையில் கம்பெனி வழக்குகளை விசாரிக்கிற கோர்ட்டில் கேஸ் பதிவாயிற்று. கேஸ் முடிகிறவரை மச்சினன் நாற்காலியில் உட்காரவும் கூடாது, லாரிக்கு ஐஸ் ஏற்றவும் கூடாது என்று தடை வாங்கினார் பாகம் சார். எதிர்த்தரப்பு வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கியது. எங்கள் கை கடுத்துத் தானாக இறங்கிவிடும் என்று காத்திருந்தார்கள், எங்களைத் தெரியாதவர்கள்.

அந்த நாட்களில் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் நான் பனிமயத்திடம் கேட்டேவிட்டேன், உனக்கும் உன் மைனிக்கும் ஆகாதே, நீ எப்படி அவளுக்குக் கை தூக்கினாய் என்று. சலேத்மேரி நாலு ஆள் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். பனிமயம் அவளுக்குக் கேட்கிற மாதிரியே, "ஐஸுக்குத்தான் கை தூக்கினேன், அவளுக்கில்ல" என்றாள். சலேத்மேரி பஸ் வந்ததும் ஏறவில்லை, அன்றைக்குக் கூடையோடு நடந்தே போனாள்.

மழைக்கு முன்னால் ஒரு காலை பனிமயம் அதே ஸ்டாப்பில் இறந்துபோனாள். கூடையை இறக்கிவைத்துவிட்டு மரத்தில் சாய்ந்து நின்றிருக்கிறாள், நெஞ்சு அடைத்திருக்கிறது, கை மட்டும் மேலே இருந்ததால் பஸ் நின்றது. ஏறும்மா, ஏறும்மா என்று கூப்பிட்ட கண்டக்டர் இறங்கிவந்து முகத்தைப் பார்த்தபிறகுதான் விஷயம் தெரிந்தது. வாழ்நாள் எல்லாம் அவளை விட்டுவிட்டுப் போன பஸ், அன்றைக்கு அவளுக்காக அப்படியே நின்றது. எங்களுக்குப் பாதி துக்கம், பாதி பெருமை, என்ன பண்ணுவதென்றே தெரியவில்லை.

பெட்டி செய்ய அளவெடுக்க வந்த ஆசாரி ஒரு கேள்விகூடக் கேட்காமல் மூடியில் வட்டமாக ஒரு துளை போட்டுக் கொடுத்தார். அடக்கம் செய்து மண்ணைப் போட்டு மூடியபோது, கை முழங்கைக்கு மேல் மணலுக்கு வெளியே நின்றது, சிவப்புக் கண்ணாடி வளையல்களோடு. சாமியார் ஜெபத்தை முடித்து, கையின்மேலும் தீர்த்தம் தெளித்துவிட்டு வீட்டுக்குப் போனார். அந்தக் கை வாடவும் இல்லை, நிறம் மாறவும் இல்லை. கல்லறைத் தோட்டத்து வழியாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் போகிறபோக்கில் அதைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

அடக்கத்தன்று சலேத்மேரி கடைசியில் வந்து கடைசியில் நின்றாள், அழவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து ஏலத்துக்குப் போகிற வழியில் ஒரு செம்புத் தண்ணீரோடு கல்லறைக்குப் போகத் தொடங்கினாள். தன்னுடைய ஒரு கை மேலேயே இருக்க, மற்றக் கையால் பனிமயத்தின் கையைக் கழுவுவாள், உப்புக்காற்றுக்கு எண்ணெய் தடவுவாள், காக்கா உட்காராமல் ஒரு கைக்குட்டையைக் கட்டிவிடுவாள். ஒருநாள் முந்தானையைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு நகம் வெட்டிவிட்டதை நானே பார்த்தேன். அவ்வளவு செய்தும் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கை தனக்காகத் தூக்கியதுதானா என்று தெரியாமல் எந்த உரிமையில் பேசுவது என்று நினைத்தாளோ என்னவோ.

கடைசியில் வாய்தாக்கள் தீர்ந்து எங்களை நேரில் வரச்சொன்னார்கள். ரயில் பெட்டி முழுக்க நாங்கள்தான். டிக்கெட் பரிசோதகர் உள்ளே வந்ததும், ஏன் எல்லாரும் என்னையே கூப்பிடுகிறீர்கள், ஒவ்வொருவராக வருகிறேன் என்றார். கோர்ட் வாசலில் சோதனை போடுகிற போலீஸ்காரம்மாவுக்கு எங்களால் பாதி வேலை மிச்சம். உள்ளே நீதிபதி வசுமதி அம்மா வந்து உட்கார்ந்தார், நெற்றியில் பொட்டு, கையில் ஃபவுண்டன் பேனா, அலட்டிக்கொள்ளாத முகம். எல்லாருக்கும் பேச வாய்ப்புக் கிடைக்கும், கையை இறக்குங்கள் என்றுதான் அவரும் ஆரம்பித்தார். இறக்கமுடியாதது குறித்துத்தான் வழக்கே என்று பாகம் சார் எழுந்து சொன்னார்.

எதிர்த்தரப்புப் பெரிய வக்கீல் நன்றாகத்தான் பேசினார், இல்லையென்று சொல்லக்கூடாது. இவர்கள் கம்பெனிக் கூட்டத்தையும் மீன் ஏலத்தையும் குழப்பிக்கொண்டார்கள், இந்தக் கைகள் நிற்பது ஒரு தப்பான புரிதலால், தப்பான புரிதலுக்குச் சட்டம் பொறுப்பாகாது என்றார். நீதிபதி யோசித்துவிட்டு, குழப்பம் கையை எப்போது இறக்குவது என்பதில்தானே, ஏன் தூக்கினோம் என்பதில் இல்லையே என்று கேட்டார். பெரிய வக்கீல் தண்ணீர் குடித்தார். பேர் சொன்னால் இறங்குமா என்று நீதிபதி எங்களைப் பார்த்துக் கேட்டார். சொல்லிப் பாருங்களம்மா என்றோம்.

கோர்ட் கிளார்க் எழுந்து கம்பெனிப் பதிவில் இருந்தபடி, "அந்தோணி மனைவி செலஸ்தீனா" என்று கூப்பிட்டார். கை அசையவில்லை. எதிர்ப்பக்கம் லேசாகச் சிரிப்பு கேட்டது, எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"அம்மா, ஏலத்துல என்னை யாரும் என் புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. கை என்னோடது."

நீதிபதி கிளார்க்கிடமிருந்து தாளை வாங்கிக்கொண்டார். எழுந்து நின்றார், நீதிபதி எழுந்ததால் கோர்ட்டே எழுந்தது. என் முகத்தைப் பார்த்து, பாகம் சார் சொல்லிக்கொடுத்தபடி, "செலஸ்தீனா, கை வாங்குங்க" என்றார். வாங்குங்க என்று மரியாதையோடு என்னிடம் சொன்ன ஒரே ஏலக்காரர் அவர்தான். கை இறங்கியது, தோளிலிருந்து விரல்வரை சூடாக ரத்தம் ஓடியது, நான் அங்கேயே நின்று அழுதேன். ஒவ்வொருத்தியாகப் பேர் வந்தது, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், அவசரப்படவே இல்லை, மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தும் உட்காரவில்லை. ஊரில் யாரும் எங்களை அப்படி வரிசையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. கடைசியாகச் சலேத்மேரியின் கை இறங்கியது.

எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமம். சமமாக இருந்தால் சேர்மனின் சொல்தான் எடுபடும், மச்சாது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். இன்னும் ஒரு கை இருக்கிறது என்று பாகம் சார் சொன்னார். பெரிய வக்கீல் துள்ளி எழுந்தார்: செத்தவளுக்கு ஓட்டு ஏது, அதுவும் பரம எதிரி, அதுவும் பஸ் ஸ்டாப்பில் நாலு பேருக்கு முன்னால் அவளுக்கில்லை என்று தன் வாயாலேயே சொன்னவள். சலேத்மேரி தலையைக் குனிந்துகொண்டாள். அது பொய்யில்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"தூக்கினப்போ உயிரோட இருந்தாங்க, அது போதும்," என்றார் நீதிபதி. "ஆனா நான் பார்க்காத கையை எண்ணமாட்டேன். இருக்கிற கையை எண்ணாம விடவும் மாட்டேன். ஊருக்கு வர்றேன்."

வந்தார். கல்லறைத் தோட்டத்துச் சுவர்மேலெல்லாம் ஆட்கள், மச்சாதுவும் மச்சினனும் ஒரு பக்கம், நாங்கள் மறுபக்கம். நீதிபதி செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்துவந்து, அந்தக் கையின் முன்னால் நின்றார். சலேத்மேரி போய்க் கைக்குட்டையை அவிழ்த்துவிட்டு விலகினாள். "பனிமயம், கை வாங்குங்க" என்று நீதிபதி சொன்னார்.

கை இறங்கவில்லை.

இன்னொரு தடவை சொன்னார். வளையல்கூட ஆடவில்லை. இது இந்த அம்மாவுக்குத் தூக்கிய கையாக இருந்தால் மற்றவை மாதிரி இறங்கியிருக்கவேண்டுமே, கனம் கோர்ட்டார் கவனிக்கவேண்டும் என்றார் பெரிய வக்கீல். சலேத்மேரியின் முகத்தை அப்போது பார்க்கப் பொறுக்கவில்லை. ஐஸ் போனது, டைரக்டர் பதவி போனது என்பதெல்லாம் அதில் இல்லை, நாத்தனார் தனக்குத் தூக்கவில்லை என்கிற ஒன்றுதான் இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், அம்மா, இவள் கை பேருக்கு இறங்குகிற கை இல்லை, ஒருதடவை பேரை நம்பிக் கையை இறக்கி மீனைப் பறிகொடுத்தவள், கூடைக்குள் விழுந்தபிறகுதான் இறக்குவாள், பேரை வைத்துக் குழம்பு வைக்கமுடியுமா என்று கேட்பாள் என்று கொட்டித் தீர்த்தேன்.

அப்படியானால் முதலில் தீர்ப்பு, பிறகு ஓட்டா, இது எந்த ஊர் நியாயம் என்றார் பெரிய வக்கீல்.

நீதிபதி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"தூக்கின கைதான் ஓட்டு. இறக்கினதை யாரும் எண்ணறதில்ல. ஐஸுக்குத் தூக்கினேன்னு இவங்க சொல்லியிருக்காங்க. அந்தக் கூட்டத்துல கூடைக்கு ஐஸ் தர்றேன்னு நின்னவங்க ஒருத்தர்தான். புடிச்சவங்களுக்குத்தான் ஓட்டுப் போடணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. இந்தக் கையை எண்ணிட்டேன். சலேத்மேரி டைரக்டரா ஜெயிச்சிருக்காங்க."

நாங்கள் கத்தவில்லை, குலவை போடவில்லை. எல்லார் கண்ணும் அந்தக் கைமேல்தான் இருந்தது. தீர்ப்பு வந்த பிறகும் அது அப்படியேதான் நின்றது. சலேத்மேரி முந்தானையை இடுப்பில் செருகினாள், வாசலைத் தாண்டி நடந்தாள், பிளாண்ட் கதவைத் திறக்கச்சொல்லி உள்ளே போனாள். நீதிபதி உட்பட எல்லாரும் வெயிலில் காத்திருந்தோம், மச்சாதுகூடப் போகவில்லை. அவள் சாக்கில் சுற்றிய ஒரு ஐஸ் பாரைத் தோளில் சுமந்துகொண்டு திரும்பி வந்தாள், சேலை முழுக்க நனைந்திருந்தது.

கல்லறைமுன் மண்டியிட்டு உளியால் ஒரு கை கொள்ளுகிற துண்டு உடைத்தாள். அதை நாத்தனாரின் உள்ளங்கையில் வைத்தாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாயைத் திறந்து அவளோடு பேசினாள்.

"இந்தா பனிமயம். மொத ஐஸ் ஒனக்குத்தான். அன்னைக்கு அந்தச் சீலாவும் ஒன்னோடதுதான்."

விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி ஐஸைப் பிடித்தன. கை உடனே இறங்கிவிடவில்லை, கனம் பார்க்கிற மாதிரி கொஞ்சம் அசைந்தது, தண்ணீர் மணிக்கட்டில் வழிந்து வளையல் வளையலாக இறங்கி மணலில் சொட்டியது. அப்புறம் மெதுவாக, ஐஸை விடாமல், மணலுக்குள் இறங்கியது. சலேத்மேரி இரண்டு கையாலும் மணலைத் தள்ளி மூடிவிட்டு அதன்மேலேயே கவிழ்ந்து வாய்விட்டு அழுதாள், அவள் அழுது முடிகிறவரை நீதிபதி செருப்புப் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போதும் விடியும்போது பிளாண்ட் கதவைத் திறந்ததும் எங்கள் கூடைகளுக்குத்தான் முதலில் ஐஸ், லாரி பின்னால் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். சலேத்மேரி டைரக்டர்தான், ஆனாலும் அவளேதான் நின்று, கை தூக்கி நிற்கிற ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்துப் பேர் சொல்கிறாள், எங்கள் பேரை, புருஷன் பேரை இல்லை. பேர் சொன்னதும் நாங்கள் கையை இறக்குவோம் என்று நினைக்காதீர்கள். ஐஸ் கூடைக்குள் விழுகிற சத்தம் கேட்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.